உத்தியோகம் கேட்டால் உபதேசமா?

அமெரிக்கா தேசத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று ஒரே கூப்பாடாயிருக்கின்றது. 2025-ம் வருஷத்தில் போடப்பட்ட ஒரு கணக்கின்படி, அத்தேசத்துப் பொதுப் பள்ளிக்கூடங்களில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட உபாத்தியாயர் ஸ்தானங்கள் ஒன்று காலியாகக் கிடக்கின்றன, அல்லது அந்த வேலைக்குப் பூரண தகுதிச் சான்று பெறாதவர்களைக் கொண்டு ஒப்பேற்றப்பட்டு வருகின்றன. அதாவது எட்டு ஸ்தானத்துக்கு ஒன்று இந்தக் கதியில் இருக்கின்றது. மிஸ்ஸௌரி மாகாணத்தில் அநேக கிராமப் பள்ளிக்கூடங்கள் வாரத்தில் நான்கு நாள் மாத்திரமே திறக்கின்றன. நான்கு நாள் வேலையென்றாலாவது வாத்தியார் ஊரில் நிலைத்திருக்க மாட்டாரா என்னும் ஆசையே இதற்கு ஒரு பெருங்காரணம். இன்னும் சில ஊர்க்காரர்கள் பிலிப்பைன் தீவுகளிலிருந்து ஆகாய விமானமேற்றி உபாத்தியாயர்களைக் கொண்டுவந்து இறக்குகின்றார்கள். சந்திரனுக்கு ஆள் அனுப்பின தேசத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை!

காரணம் என்னவென்று கேட்டால், சம்பளம் போதவில்லை என்கின்றார்கள். உண்மைதான். அதே அளவு படித்து வேறு உத்தியோகத்துக்குப் போகிறவர்களைவிட அங்கு உபாத்தியாயருக்கு நூற்றுக்கு 25-க்கு மேல் வாரச் சம்பளம் குறைவு என்று கணக்கு. பரீட்சைத் தொந்தரவு, பெற்றோர் தொந்தரவு, வேலைச்சுமை என்றும் சொல்லுகின்றார்கள். அதையும் நாம் மறுக்க வரவில்லை. ஆனால் வந்த ஆளை, படித்த ஆளை, பாடம் சொல்லிப் பழுத்த ஆளை ஆயிரம் ஆயிரமாகக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளின தேசம் இது என்பதை மாத்திரம் இக்கூப்பாட்டுக்காரர்களில் அநேகர் வாய் திறந்து சொல்வதில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

அமெரிக்காக்காரனுடைய வாத்தியார் சங்கதி நமக்கெதற்கு என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். பிறப்பைப் பார்த்து வேலை கொடுப்பதும் மறுப்பதும் எந்த தேசத்தில் நடந்தாலும் அதற்குச் சொல்லப்படும் சமாதானம் மாத்திரம் அநேகமாய் ஒன்றாகவே இருப்பதால், அங்கே சொல்லப்பட்ட சமாதானங்களைத் தெரிந்துகொள்வது நமக்கு நஷ்டமாகாது என்பதே அவருக்கு நாம் சொன்ன பதில்.

முதலாவது, அங்கே பள்ளிக்கூடம் நடக்கும் விதத்தை அறிய வேண்டும். தலைநகரிலிருக்கும் சர்க்கார் வாத்தியாரை நியமிப்பதில்லை. தேசம் முழுதும் சுமார் 13,000 பள்ளிக்கூட ஜில்லாக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்டு உண்டு. அதன் மெம்பர்கள் பெரும்பாலும் ஊரார் ஓட்டுப் போட்டு வருகிறவர்கள். போர்டின் கீழ் ஒரு சூப்பரின்டெண்டெண்டு. யாரை எடுப்பது, யாரை நீக்குவது என்பதெல்லாம் இவர்கள் கையில். ஆகவே ஊரில் எவன் கை ஓங்கியிருக்கின்றதோ அவன் மடியில்தான் வாத்தியார் வேலையும் முடிந்துவைக்கப்பட்டிருக்கின்றது.

தென் கரோலினா மாகாணத்தில் சார்ல்ஸ்டன் என்று ஒரு பட்டணம். அங்கே 1898-ல் பிறந்தவர் ஸெப்டிமா கிளார்க் அம்மையார். அவருடைய தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். அம்மையார் 1916-ல் உபாத்தியாயினி வேலைக்குத் தகுதி பெற்றார். ஆனால் சார்ல்ஸ்டன் பட்டணத்துப் பொதுப் பள்ளிக்கூடங்களில் கறுப்பருக்கு உபாத்தியாயர் வேலை கிடையாது. வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில்தான் கிடையாது போலும் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்புப் பிள்ளைகளுக்கென்றே வைத்திருந்த பள்ளிக்கூடத்திலும் கிடையாது! அங்கேயும் வெள்ளைக்காரரே வாத்தியார். பிள்ளை தொட்டால் தீட்டு, ஆனால் அந்தப் பிள்ளையின் பேரால் வரும் சம்பளத்தைத் தொட்டால் தீட்டில்லை.

ஆகவே அம்மையார் பட்டணத்தை விட்டு ஜான்ஸ் தீவு என்னும் இடத்துக்குப் போய் வேலை பார்த்தார். இரண்டு உபாத்தியாயினிகளுக்கு 132 பிள்ளைகள். அவ்விடத்து வெள்ளைப் பள்ளிக்கூடத்திலோ மூன்றே பிள்ளைகள். இவருக்குச் சம்பளம் 35 டாலர். அந்த மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவருக்கு 85 டாலர். இது அம்மையாரே பிற்காலத்தில் சொன்ன கணக்கு. பிறகு பட்டணத்துக்குத் திரும்பி வந்து, கறுப்பருக்கும் உபாத்தியாயர் வேலை தரவேண்டுமென்று வீடு வீடாய்ப் போய்க் கையெழுத்து வாங்கும் கிளர்ச்சியில் கலந்து உழைத்தார். 1920-ல் அந்தத் தடை நீங்கிற்று. யாரும் மனம் இரங்கிக் கொடுத்ததல்ல, கேட்டு வாங்கினது.

வேலை கிடைத்த பிறகும் சம்பளத்தில் வித்தியாசம் இருந்துகொண்டே வந்தது. ஒரே வேலை, ஒரே படிப்பு. தோல் கறுப்பென்றால் குறைந்த சம்பளம். வர்ஜீனியா மாகாணத்தில் நார்போக் பட்டணத்து உபாத்தியாயினி ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டதும் அவருக்கு மறு வருஷம் வேலை இல்லாமல் செய்தார்கள். இன்னொருவர் அவ்வழக்கை எடுத்து நடத்தினார். 1940-ல் அப்பீல் கோர்ட்டார், நிறத்தைப் பார்த்துச் சம்பளம் குறைப்பது சட்ட விரோதம் என்று தீர்ப்புச் செய்தார்கள். தென் கரோலினாவிலும் இதே மாதிரி வழக்குகள் வென்றன. அதற்காக உழைத்தவர்களில் கிளார்க் அம்மையாரும் ஒருவர்.

இங்கேதான் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். நிறத்தைக் காட்டிச் சம்பளம் குறைக்கக்கூடாது என்று கோர்ட்டுச் சொல்லிவிட்டது. உடனே தென் கரோலினாக்காரர் என்ன செய்தார்கள்? 1945-ல் உபாத்தியாயர்களுக்கென்று ஒரு பரீட்சையைக் கொண்டுவந்து வைத்து, அதில் வாங்கும் மார்க்குக்குத் தக்கபடி தரம் பிரித்து, தரத்துக்குத் தக்கபடி சம்பளம் என்றார்கள். அதுவரையில் வெள்ளை உபாத்தியாயருடைய திறமையை அளக்க ஒரு தராசும் வேண்டியிருக்கவில்லை. கறுப்பருக்குச் சமச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று வந்த பிறகுதான் தராசு வந்தது! கறுப்புப் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, சொந்த மாகாணத்து யுனிவர்ஸிடியில் இடம் கிடையாது. இத்தனையையும் மறுத்துவிட்டு, பரீட்சை மண்டபத்தில் கொண்டுபோய் உட்காரவைத்து, ‘இப்போது நாம் இருவரும் சமம், எழுது பார்க்கலாம்’ என்றார்கள். தகுதி, திறமை என்னும் சொற்கள் எந்த நேரத்தில் எவருடைய வாயிலிருந்து புறப்படும் என்பது நம் நாட்டாருக்குத் தெரியாததல்ல. ஆகவே இதை அதிகம் விரிக்கவில்லை.

நிற்க. 1954-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது ஜட்ஜுகளும் ஏகமனதாக, நிறம் பிரித்துப் பள்ளிக்கூடம் நடத்துவது செல்லாது என்று தீர்ப்புச் செய்தார்கள். பிரௌன் வழக்கு என்று பெயர். கன்ஸாஸ் மாகாணத்து டொபீகா பட்டணத்துப் போர்டின் மேல் போட்ட வழக்கு. கறுப்பருக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல் என்னும் கறுப்பர். பின்னால் அந்தக் கோர்ட்டிலேயே ஜட்ஜாக உட்கார்ந்தவர். இத்தீர்ப்பை உலகமெல்லாம் கொண்டாடிற்று, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தீர்ப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிற்றே தவிர வாத்தியார்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. திருடனுக்கு அந்த ஓட்டை போதாதா?

தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1953 மார்ச்சில், அதே டொபீகா பட்டணத்துச் சூப்பரின்டெண்டெண்டு கறுப்பு உபாத்தியாயினிகளுக்குக் கடிதம் எழுதினார். சுப்ரீம் கோர்ட்டு நிறப்பிரிவு செல்லாது என்று சொல்லிவிட்டால், வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கறுப்பர் பாடம் சொல்வதை ஊரில் பெரும்பாலோர் விரும்பமாட்டார்கள் என்ற அனுமானத்தின்மேல் போர்டு நடந்துகொள்ளும் என்பது அதன் கருத்து. அதாவது, ‘நீங்கள் வழக்கில் ஜெயித்தால் உங்கள் வேலை போய்விடும்’ என்று அர்த்தம். எவ்வளவு மரியாதையான பயமுறுத்தல் பாருங்கள்!

கடிதம் பொய்யாகவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர் என்றால், கறுப்புப் பள்ளிக்கூடத்தை மூடிப் பிள்ளைகளை வெள்ளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஸ்ஸௌரி மாகாணம் மோபெர்லி என்னும் ஊரில் 1955-ல் இருந்த கறுப்பு உபாத்தியாயர் 11 பேர். பள்ளிக்கூடங்கள் ஒன்றானவுடன் இந்தப் பதினொருவரில் ஒருவருக்குக்கூட வேலை இல்லை. அவர்கள் வழக்காடினார்கள். போர்டார், நாங்கள் நிறத்தைப் பார்க்கவில்லை, தகுதியை ஒப்பிட்டுப் பார்த்தே எடுத்தோம் என்றார்கள். 1959-ல் அப்பீல் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டுவிட்டது. பதினொருவரில் ஒரு ஆளும் தேறவில்லையாம்! இத்தனை வருஷம் கறுப்புப் பிள்ளைகளுக்கு அவர்களைக் கொண்டே பாடம் சொல்ல வைத்திருந்தபோது இந்தத் தகுதிக் குறைவு எந்தப் போர்டு மெம்பருடைய கண்ணிலும் படவில்லை போலும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தென் மாகாணங்கள் தங்கள் யுனிவர்ஸிடிகளில் கறுப்பரை மேல்படிப்புக்குச் சேர்க்க மனமில்லாமல், உதவித்தொகை கொடுத்து வட மாகாணங்களுக்கு அனுப்பி வந்தன. அப்படி நியூயார்க் போன்ற இடங்களுக்குப் போய்ப் பெரிய பட்டம் வாங்கிவந்த கறுப்பு உபாத்தியாயர்கள் அநேகர். வெறுப்பினால் செலவழித்த பணம் அவர்களைத் தங்கள் மாகாணத்து வெள்ளை வாத்தியார்களைவிட அதிகம் படித்தவர்களாக்கி விட்டது. அவர்களைத்தான் தகுதியில்லை என்று நீக்கினார்கள். தலைமை உபாத்தியாயராயிருந்தவர்களை உதவி வேலைக்கு இறக்கினார்கள்.

தென் கரோலினாவில் இதைவிடத் துணிச்சலாக வேலை நடந்தது. கறுப்பருடைய உரிமைக்காக வழக்காடி வந்த சங்கத்தில் மெம்பராயிருப்பவருக்குச் சர்க்கார் வேலை இல்லை என்று 1956-ல் ஒரு சட்டமே செய்தார்கள். எல்லோரீ என்னும் சிற்றூரில் ஒரே பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் 21 பேர், சங்கத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பணிந்து பதில் எழுத மறுத்து வேலையை இழந்தார்கள். சம்பளமே சோறு என்றிருந்தவர்கள்! மானம் என்று பேசுகிறவர்கள் இந்த 21 பேரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கிளார்க் அம்மையாரையும் அதே வருஷத்தில் விலக்கினார்கள். நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். வயது 58. சங்கத்தில் இல்லை என்று ஒரு பொய்யை எழுதியிருந்தால் பென்ஷனோடு ஓய்ந்திருக்கலாம். எழுதவில்லை, பென்ஷனும் போயிற்று. அவர் டென்னெஸ்ஸி போய், எழுத்தறியாத கறுப்பு மக்களுக்கு எழுத்தும் ஓட்டுரிமையும் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளை ஏற்படுத்தும் வேலையில் இறங்கினார். அவற்றில் முதலாவது 1957-ல் பழைய ஜான்ஸ் தீவிலேயே திறக்கப்பட்டது.

1954-க்கு முன் அத்தேசத்தில் கறுப்பு உபாத்தியாயர் சுமார் 82,000 பேர். 1954-லிருந்து 1965-க்குள் 17 மாகாணங்களில் வேலையிழந்தவர்கள் சுமார் 38,000 பேர் என்று மதிப்பிடப்பட்டிருக்கின்றது. ஒரு தலைமுறை வாத்தியாரை விரட்டினால் நஷ்டம் அந்தத் தலைமுறையோடு நிற்குமா? வாத்தியாரைப் பார்த்துத்தான் பிள்ளை வாத்தியாராக ஆசைப்படுகின்றது. தாயார் நீக்கப்பட்டதைக் கண்ட மகள் அந்த வாசலில் போய் நிற்பாளா? 2020-21-ம் வருஷக் கணக்கில், பொதுப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களில் நூற்றுக்கு 80 பேர் வெள்ளையர், 6 பேர் கறுப்பர். பிள்ளைகளிலோ வெள்ளையர் பாதிக்குக் குறைவு. கறுப்பர் நூற்றுக்கு 15.

வெள்ளை வாத்தியார் கறுப்புப் பிள்ளைக்குப் பாடம் சொல்லக்கூடாதா, இது மாத்திரம் நிறபேதமல்லவா என்று சில புத்திசாலிகள் கேட்கின்றார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் சொல்லட்டும். ஆனால் டென்னெஸ்ஸி மாகாணத்தில் பிள்ளைகளை எந்த வகுப்பில் போடுவது என்று சீட்டுக் குலுக்கினாற்போல் பிரித்துவிட்டு, பல வருஷம் கழித்துக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கின்றார்கள். மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பு வாத்தியாரிடமாவது படித்த கறுப்புப் பிள்ளைகள், அப்படிப் படிக்காத கறுப்புப் பிள்ளைகளைவிட நூற்றுக்கு 13 பங்கு அதிகமாகக் காலேஜில் சேர்ந்திருக்கின்றார்கள். தன்னைப் போன்ற ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்ட கண்ணுக்கு நாற்காலி தனக்கும் உரியதாகத் தெரிகின்றது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

பரீட்சைத் தராசு தென் மாகாணத்தோடு நின்றதென்று எண்ண வேண்டாம். நியூயார்க் பட்டணத்தில் 1990-களில் உபாத்தியாயருக்கென்று வைத்த ஒரு பொது அறிவுப் பரீட்சையில் வெள்ளையர் நூற்றுக்கு 90-க்கு மேல் தேறினார்கள், கறுப்பர் 53. தேறாதவர்கள் 1996-ல் வழக்குப் போட்டார்கள். அந்தப் பரீட்சைக்கும் வகுப்பில் பாடம் சொல்லும் திறமைக்கும் சம்பந்தம் உண்டென்று சரியாக நிரூபிக்கப்படவில்லை என்று 2012-ல் ஜட்ஜு தீர்ப்புச் செய்தார். கறுப்பரும் ஸ்பானிய பாஷைக்காரருமாகச் சுமார் 5,200 பேருக்கு நஷ்டஈடாக 180 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டிவந்தது. அந்தப் பணத்தில் எத்தனை வாத்தியாருக்கு எத்தனை வருஷச் சம்பளம் கொடுத்திருக்கலாம்! வாலிபத்தில் வேலை மறுக்கப்பட்டவருக்குத் தலை நரைத்த பிறகு செக்கு வந்தது. அவரிடம் படித்திருக்க வேண்டிய பிள்ளைகளுக்கு எந்தச் செக்கும் வரவில்லை.

நியூ ஆர்லீன்ஸிலோ வேறு விதம். 2005-ல் கத்ரீனா புயலில் பட்டணம் மூழ்கினது. தண்ணீர் வடிந்ததும் 7,000-க்கு மேற்பட்ட பள்ளிக்கூட ஊழியர்களை ஒட்டுமொத்தமாக விலக்கினார்கள். உபாத்தியாயர்களில் பெரும்பாலோர் கறுப்பர். அவர்களுடைய இடங்களில் பலவற்றுக்குச் சில வாரப் பயிற்சியோடு வந்த வெளியூர் வாலிபர்களை அமர்த்தினார்கள். தகுதி என்னும் தராசு அப்போது எந்த வெள்ளத்தில் போயிற்றோ தெரியவில்லை.

இனி, ‘சமத்துவப் பயிற்சி’ என்னும் சங்கதிக்கு வருவோம். 2020 மே மாதத்தில் மின்னியாபொலிஸ் பட்டணத்தில் ஜார்ஜ் பிளாய்டு என்னும் கறுப்பரை ஒரு வெள்ளைப் போலீஸ்காரன் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றான். தேசம் கொதித்தெழுந்தது. அதன்மேல் பள்ளிக்கூட ஜில்லாக்கள் பலவும், வாத்தியார்களின் மனத்திலுள்ள நிறபேதத்தைப் போக்குவதென்று பயிற்சி வகுப்புகளை மும்முரமாக நடத்தின. வெளியிலிருந்து ஒரு நிபுணர் கூலிக்கு வருவார். நாள் முழுதும் பேசுவார். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். தங்கள் மனத்தில் பேதமிருப்பதாகச் சிலர் ஒப்புக்கொள்ளுவார்கள். கடைசியில் ஒரு சான்றிதழ். மறுநாள் போய்ப் பார்த்தால் அதே போர்டு, அதே நியமன லிஸ்டு, அதே 80-ம் 6-ம்.

இதற்கும் மாசி மகத்துக்குக் குளத்தில் முழுகுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். திருடினவன் திருடின பொருளை மடியில் வைத்துக்கொண்டே முழுகி எழுந்து, ‘பாவம் போயிற்று’ என்று வீடு போகின்றான். பொருளைக் கொடுத்துவிட்டு முழுகட்டுமே, யார் வேண்டாமென்றது? 38,000 பேருடைய வேலை மடியில் இருக்கின்றது. அதை அவிழ்க்கச் சொன்னால் ‘மனத்தைச் சுத்தி செய்கின்றோம்’ என்கின்றார்கள். மனம் சுத்தியானதற்கு எந்தத் தெர்மாமீட்டர் உண்டு? நியமன லிஸ்டுக்கோ கணக்குண்டு, எண்ணிப் பார்க்கலாம்.

இது நம்முடைய வாய்ப்பேச்சு மாத்திரமல்ல. பிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலெவ் என்னும் இரண்டு சமூகசாஸ்திரிகள் பள்ளிக்கூடங்களையல்ல, அமெரிக்காவின் 800-க்கு மேற்பட்ட கம்பெனிகளைப் பல வருஷக் கணக்கோடு ஆராய்ந்து 2016-ல் எழுதினார்கள். மானேஜர்களைக் கட்டாயப்படுத்தி இப்படிப்பட்ட பயிற்சிக்கு அனுப்பின கம்பெனிகளில் ஐந்து வருஷம் கழித்து மானேஜர் வேலையில் கறுப்புப் பெண்கள் கூடவில்லை, குறைந்திருந்தார்கள். ஆள் தேடிக் காலேஜுகளுக்குப் போய் எடுத்ததும், எடுத்தவரை ஒரு பெரியவர் கைகொடுத்து மேலேற்றியதும்தான் பலன் கொடுத்ததாம்.

அப்படியானால் பயிற்சியை ஒழிக்க வேண்டும் என்று கிளம்பியிருக்கும் கூட்டத்தாரோடு நாமும் சேர்ந்துவிட்டோமோ என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் யோக்கியதை வேறு. இவர்கள் 2021-லிருந்து மாகாணம் மாகாணமாக, நிறபேதத்தைப் பற்றி வகுப்பில் பேசுவதற்கே வரம்பு கட்டிச் சட்டம் செய்து வருகிறவர்கள். மேலே நாம் சொன்ன டொபீகா கடிதத்தையும் எல்லோரீ 21 பேரையும் வகுப்பில் சொல்லலாமா என்று ஒரு வாத்தியார் பயப்படும்படி செய்திருப்பவர்கள். உபதேசம் போதாது என்பது நம் புகார். உபதேசமும் கூடாது என்பது அவர்கள் கட்சி.

2025 பிப்ரவரியில் இவர்களுடைய சர்க்கார் என்ன செய்தது? சமத்துவம் என்னும் பெயரால் பிரிவினை போதிக்கின்றார்கள் என்று சொல்லி, உபாத்தியாயர்களைத் தயார் செய்வதற்கென்று கொடுத்து வந்த மானியங்களில் 60 கோடி டாலருக்கு மேல் நிறுத்திற்று. ஆள் கிடைக்காத ஊர்களுக்கு ஆள் தயார் செய்வதற்கென்று ஏற்பட்ட மானியங்கள் அவை! சில மாகாணங்கள் வழக்குப் போட்டன. 2025 ஏப்ரல் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து ஜட்ஜுகள் ஒரு பக்கம், நால்வர் ஒரு பக்கமாக நின்று, வழக்கு முடியும் வரை பணத்தை நிறுத்தி வைக்கச் சர்க்காருக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவனாவது எலி இருந்ததென்று சொல்லிக்கொள்ளலாம்.

கறுப்பர் கேட்பதென்ன? போர்டுகள் வருஷாவருஷம் யார் மனுப் போட்டார்கள், யாரை எடுத்தார்கள், யாரைத் தள்ளினார்கள் என்று ஊரறியக் கணக்குக் காட்டட்டும். பாடம் சொல்லும் திறமையை அளக்காத பரீட்சையைத் தூக்கி எறியட்டும். பள்ளிக்கூடத்திலேயே குறைந்த கூலிக்கு உதவியாளாகப் பல வருஷம் உழைக்கும் கறுப்புப் பெண்களைச் சம்பளத்தோடு படிக்க வைத்து வாத்தியாராக்கட்டும். ஆள் குறைக்க வேண்டி வந்தால் கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும் என்னும் பழைய விதியை மாற்றட்டும். கடைசியாக உள்ளே விடப்பட்டவர் யார் என்பது ஊரறிந்த சங்கதி. இவற்றில் ஒன்றுக்காவது நிபுணருடைய சொற்பொழிவு வேண்டியிருக்கின்றதா?

கிளார்க் அம்மையாருடைய பென்ஷனை 1976-ல் தென் கரோலினா கவர்னர் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். நீக்கினது அநியாயம் என்று ஒப்புக்கொள்ள இருபது வருஷம் பிடித்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சார்ல்ஸ்டன் ஊரார் ஓட்டுப் போட்டு அவரைப் பள்ளிக்கூடப் போர்டுக்கு மெம்பராக அனுப்பினார்கள். எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட அம்மாள், தன்னை வெளியே தள்ளின கதவு வழியாகவே உள்ளே போய், யாரை வேலைக்கு எடுப்பது என்று பேசும் மேஜையில் உட்கார்ந்தார். அந்த மேஜையில் இடம் வேண்டும் என்பதுதான் வழக்கே.

2025 செப்டம்பரில் இன்னொரு உத்தரவு பிறந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு வகை வேலைச் சீட்டில் புதிதாக ஆள் வரவழைப்பவர் ஆளொன்றுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டுமாம். அந்தச் சீட்டைக் கொண்டு வாத்தியாரை வரவழைத்து வந்த பள்ளிக்கூட ஜில்லாக்களும் உண்டு. கறுப்பரை விரட்டியாயிற்று, வெள்ளையர் அந்தச் சம்பளத்துக்கு வரமாட்டோம் என்கின்றார்கள், பிலிப்பைன்காரர் வர ஒரு லட்சம் டாலர் சுங்கம். திங்கட்கிழமை காலையில் மணி அடித்தால் அந்த மூன்றாம் வகுப்புக்குள் யார் போவது என்பதைப் போர்டார்தான் சொல்ல வேண்டும்.